உள்ளே போகாத ஃபீட்டாக்கள்

ஜசீரா மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள்.

தரையெல்லாம் ஃபீட்டா. வீடியோ கேம் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்கு எங்கள் பெலேம் ஊரில் ஃபீட்டா என்றுதான் பெயர். நாடா என்று அர்த்தம். உள்ளே நாடாவும் கிடையாது, கீடாவும் கிடையாது. யார் வைத்த பெயரோ, அப்படியே நிலைத்துவிட்டது.

ஜசீரா ஒன்றை எடுத்து மெஷினின் வாயில் வைத்து அழுத்தினாள். போகவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் போகவில்லை.

"நல்லா அமுக்குடி. சாப்பிடாத பொண்ணு மாதிரி அமுக்குனா எப்படிப் போகும்?" என்றாள் அம்மா மர்லூசியா.

"எப்படி அமுக்கினாலும் போகாதும்மா. மெஷினோட வாய் சின்னது. இதெல்லாம் அகலம்."

"எல்லா ஃபீட்டாவும் ஒண்ணுதானே?"

"இல்லம்மா. ரெண்டு தினுசு இருக்கு. கீழ பாரு, பல்லு பல்லா இருக்குல்ல? சின்ன ஃபீட்டாவுக்கு அறுபது பல்லு. பெரிய ஃபீட்டாவுக்கு எழுபத்திரண்டு. இதோட மெஷின்ல அது போகாது. அதோட மெஷின்ல இது போகாது."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஆனா கட்டின மூட்டைய அவிழ்த்துக்கூடப் பாக்காம நீ தூக்கிட்டு வந்துட்டியே. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முன்னறையில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. நேற்றுவரை அங்கே ஃப்ரீசர் இருந்தது. அதில்தான் அம்மா பழ ஐஸ் போட்டு ஜன்னல் வழியாக விற்றாள். அந்த ஃப்ரீசரை ஒஸ்மரீனோ என்ற படகு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு இந்த மெஷினையும் மூட்டையையும் வாங்கி வந்திருந்தாள். ஜூலை லீவு வருகிறது. முன்னறையில் கேம் கடை வைத்தால் தெருப் பிள்ளைகள் அரை மணி, ஒரு மணி என்று காசு கொடுத்து ஆடுவார்கள். அதுதான் அம்மாவின் கணக்கு.

ஒஸ்மரீனோ ஒரே ஒரு ஃபீட்டாவை மெஷினில் வைத்து, தன் வெளிநாட்டு டிவியில் ஓட்டிக் காட்டினார். ஜோராக ஓடியது. அம்மா நம்பிவிட்டாள்.

ஜசீரா துறைமுகத்துக்கு ஓடினாள். ஒஸ்மரீனோவும் ஃப்ரீசரும் ஏறிய படகு காலையிலேயே தூரத்து மக்காபா ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தது. நதியில் அதன் புகைகூடத் தெரியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அம்மா கட்டிலில் ஒரு பையை வைத்து, துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"உமரிசால்ல ஒரு பெரிய வீட்டுல கூப்பிட்டாங்கன்னு சொன்னேன்ல. அங்கேயே தங்கி வேலை. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நான் வரலன்னு சொல்லலாம்னு இருந்தேன். இனிமே எங்க சொல்றது?"

"அப்போ நான்?"

"கஸ்தன்யால்ல பெரியம்மா வீட்டுல இரு. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வந்து பாத்துட்டுப் போறேன்."

பெரியம்மா வீட்டு சோபாவுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. அதன்மேல் உட்கார்ந்தாலே பெரியம்மா முறைப்பாள். ஆனால் ஜசீரா சோபாவை நினைத்து அழவில்லை. மாதத்தில் இரண்டு நாள் மட்டும்தான் அம்மா என்பதை நினைத்து அழுதாள். அம்மா பார்க்காமல் இருக்கட்டும் என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் சனிக்கிழமை. எப்படியும் கடையைத் திறந்து பார்ப்போம் என்று ஜசீரா ஜன்னலைத் திறந்தாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஓடியது ஒஸ்மரீனோ காட்டிய அந்த ஒரே ஒரு கேம். அதுவும் வண்ணமே இல்லாமல் ஓடியது. மெஷின் வெளிநாட்டுச் சரக்கு. எங்கள் ஊர் டிவியில் போட்டால் படம் வரும், கலர் வராது. மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றலாம். அதற்கும் காசு வேண்டுமே.

"என்னோட கார் எது?" என்றான் ஒருவன்.

"சாம்பல் கலர்."

"அப்போ இவனோடது?"

"அதுவும் சாம்பல்தான்டா. பேசாம ஆடு."

பதின்மூன்று வயது கிளெபர் வாசலில் சாய்ந்து நின்று கைகொட்டிச் சிரித்தான். "எக்வா!" அடேயப்பா என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. "மர்லூசியா அத்தை கடையில வானவில்லே சாம்பல்தான் போல. ஃப்ரீசரக் குடுத்து அடுப்புச் சாம்பல வாங்கியிருக்காங்கடா!"

அரை மணி நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். இரண்டு பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். அம்மா எடுத்துக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்ப் பையைத் திறந்து இன்னொரு பாவாடையை வைத்தாள்.

ஜசீரா மூட்டையை மறுபடி கிளறினாள். சின்ன ஃபீட்டா இரண்டு அகப்பட்டன. ஒன்றை வைத்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. எடுத்து ஊதினாள். எங்கள் ஊரில் ஃபீட்டா ஓடாவிட்டால் எல்லோரும் செய்கிற முதல் வைத்தியம் ஊதுவதுதான். ஊதி ஊதி எச்சில் பட்டே பாதி ஃபீட்டா துருப்பிடித்துப் போகும். யாரும் கேட்பதில்லை. ஜசீராவுக்கு மூச்சு வாங்கியதே தவிர திரை வெளுக்கவில்லை. ரப்பர் எடுத்துப் பற்களைத் தேய்த்தாள். இரண்டாவதையும் தேய்த்தாள். இரண்டுமே செத்தவை.

அவ்வளவுதான் என்று தோன்றியது. மெஷினை அணைத்துவிட்டு, தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். வெளியே வழக்கமான மத்தியான மழை பிடித்துக்கொண்டது.

யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்றாவது வீட்டு அடெல்மோ. எட்டு வயது. தொப்பலாக நனைந்திருந்தான். சட்டைக்குள் எதையோ ஒளித்துப் பிடித்திருந்தான்.

"கடை மூடியாச்சு," என்றாள் ஜசீரா.

"காசு இல்லக்கா. ஆட வரல. ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஃபீட்டாவை எடுத்தான். மேலே ஒட்டியிருந்த படம் கிழிந்து போயிருந்தது.

"என் பிறந்த நாளைக்கு மாமா மனாவுஸ்ல இருந்து வாங்கிட்டு வந்தாரு. எங்க வீட்டு மெஷின்ல போகல. தப்பா வாங்கிட்டோமேன்னு மாமா வருத்தப்பட்டாரு. அதனால ஆடிட்டேன்னு சொல்லிட்டேன். சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டேன். ஆனா உள்ள என்ன கேமுன்னே எனக்குத் தெரியாது. மாமா இன்னிக்கு ராத்திரி வர்றாரு. கேட்டா என்ன சொல்றது?"

போடா, எனக்கே ஆயிரம் கவலை என்று சொல்ல ஜசீரா வாயைத் திறந்தாள். அவன் காதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்ல மனம் வரவில்லை.

"உள்ள வா. முதல்ல தலையத் துடை."

ஃபீட்டாவை வைத்து அழுத்தினாள். கச்சிதமாக உள்ளே போனது. திரையில் ஒரு குட்டிக் கரடி குடை பிடித்துக்கொண்டு குதித்தது. சாம்பல் கரடி, சாம்பல் குடை.

"கரடி!" என்று கத்தினான் அடெல்மோ. "அக்கா, கரடி! இத்தனை நாளா என் கட்டிலுக்கு அடியில கரடியா இருந்துச்சு?"

அவன் ஆடினான். கரடி குழியில் விழுந்தபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தான். ஜசீரா காசு கேட்கவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக அந்த அறையில் யாரோ சிரித்தார்கள். அது போதுமாக இருந்தது.

ஆடி முடித்த அடெல்மோ தரையில் கிடந்த குவியலைப் பார்த்தான்.

"இதெல்லாம் என்னக்கா?"

"குப்பை. எங்க மெஷின்ல போகாது."

அவன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "எங்க வீட்டு ஃபீட்டா இதே சைஸ்தானே?"

ஜசீரா அவனையே பார்த்தாள். பிறகு பரபரவென்று எல்லாவற்றையும் மூட்டைக்குள் அள்ளிப்போட்டாள்.

இரண்டு பேரும் மழையில், தெரு வீடுகளை இணைக்கும் பலகைப் பாலத்தின் மேல் ஓடினார்கள். அடெல்மோ வீட்டு மெஷினில் முதல் ஃபீட்டாவை வைத்தார்கள். பாட்டு வந்தது. படம் வந்தது. கலரும் வந்தது. பச்சைப் புல்லையும் நீல வானத்தையும் ஜசீரா கண் கொட்டாமல் பார்த்தாள். அவளுடைய குப்பை இங்கே ராஜா மாதிரி ஓடியது.

"அக்கா, நீ கரடிய வெச்சுக்கோ. எனக்கு இத குடு," என்றான் அடெல்மோ.

அவனிடம் இருந்தது ஒன்று. இவளிடம் இருந்தது ஒரு மூட்டை. கையில் கிடைத்ததைத் தள்ளிவிட்டு வந்திருக்கலாம். ஜசீராவுக்கு ஒஸ்மரீனோ கட்டிக் கொடுத்த மூட்டை நினைவுக்கு வந்தது.

"அவசரப்படாத. எல்லாத்தையும் ஓட்டிப் பாரு. எது பிடிக்குதோ அத எடுத்துக்கோ."

மழை விடும்வரை ஓட்டிப் பார்த்தார்கள். சில ஓடின. சில ஓடவில்லை. ஒன்று நன்றாக ஆரம்பித்து இரண்டாவது கட்டத்தில் அசையாமல் நின்றுவிட்டது. ஓடாதவற்றை ஜசீரா தனியாக ஒதுக்கிவைத்தாள். அடெல்மோ ஒரு விமான கேமை எடுத்துக்கொண்டான்.

"ராத்திரி மாமாவ உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து கரடியக் காட்டலாமா?"

"தாராளமா."

வீட்டுக்கு வரும் வழியில்தான் ஜசீராவுக்கு அது உறைத்தது. அடெல்மோவுக்கு ஒரு மாமா என்றால், தெருவில் எத்தனை மாமாக்கள் இருப்பார்கள்! பல் கணக்குத் தெரியாமல் பிறந்த நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தப்பான ஃபீட்டா வாங்கிக் கொடுத்த மாமாக்கள், சித்தப்பாக்கள், அத்தைகள்.

அவள் வீடு வீடாகப் போனாள். "உங்க மெஷின்ல போகாத ஃபீட்டா இருக்கா? நாளைக்கு மழைக்கு முன்னாடி எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஓட்டிப் பாத்துட்டு, ஓடினா மாத்திக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்தது கிளெபர். கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

"என்னோடது இல்ல. ஃப்ரெண்டோடது," என்றான்.

"ஃப்ரெண்டு பேரு கிளெபரா?"

அவன் காதுவரை சிவந்தான். அவனுடைய ஃபீட்டா கால்பந்து கேம். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். சாம்பலிலும் பிரமாதமாக ஓடியது. கடைக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஒன்றுதான். கிளெபர் குவியலில் தேடி, ஒதுக்கிவைத்ததிலிருந்து ஒன்றை உருவினான். மேலே வாள் பிடித்த வீரன் படம்.

"இதான் வேணும்."

இரண்டாவது கட்டத்தில் நின்றுபோவது அதுதான். ஜசீராவுக்கு அந்த அடுப்புச் சாம்பல் பேச்சு இன்னும் காதில் எரிந்தது. எடுத்துக்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அது வேணாம்," என்றாள். "ரெண்டாவது கட்டத்துல நின்னுடும். பாக்கத்தான் பகட்டு. வேற எடு. எடுத்து அடெல்மோ வீட்டுல ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் சொல்லு."

கிளெபர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நெசமாவா? நான் அவ்ளோ கிண்டல் பண்ணேனே."

"பண்ணின. அதுக்காக உன் தலையில ஓடாத ஃபீட்டாவக் கட்டணுமா?"

அவன் வேறொன்றை எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் கூட்டாளிகள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். ஒருவன் ஃபீட்டா இரண்டு மெஷினிலுமே ஓடவில்லை. அழாத குறையாகத் திருப்பி எடுத்துப் போனான். மற்றவர்கள் மாற்றிக்கொண்டார்கள். மாற்றிக் கொடுத்த ஃபீட்டாவை மறுபடி ஆட ஆசைப்பட்டு, காசு கொடுத்து வரிசையில் நின்றவர்களும் உண்டு. மழைக்குப் பின்னும் வரிசை கலையவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பையைப் பிரிக்கவில்லை. படுக்கப் போகும்போதும் அது வாசல் பக்கம் தயாராக இருந்தது.

"அம்மா, நாளைக்கும் வரேன்னு சொல்லியிருக்காங்க."

"ஒரு நாள் கூட்டம்டி. நம்பிப் புண்ணியம் இல்ல. தூங்கு."

ஜசீரா ஊஞ்சல் படுக்கையில் சுருண்டுகொண்டாள். நேரம் கழித்துத்தான் தூக்கம் வந்தது.

விழித்தபோது விடிந்திருந்தது. அம்மாவின் படுக்கை காலி. வாசலில் பையும் இல்லை. உமரிசால் போகும் முதல் பஸ் இந்நேரம் போயிருக்கும். ஜசீரா கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன ஆகப் போகிறது? எழுந்து நடந்தாள்.

முன்னறையிலிருந்து டொய்ங் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி டொய்ங்.

அம்மா வெளியே போகும் உடுப்போடு, பையை முதுகுக்கு அண்டக்கொடுத்து, தரையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் குடை பிடித்த கரடி குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா! பஸ்ஸு?"

"போயிடுச்சு. அவங்க வேற ஆளப் பாத்துக்கட்டும். லீவு முடியறவரைக்கும் இதையே ஓட்டிப் பாப்போம்." அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மா நின்னுக்கிட்டு இருக்காம இங்க வாடி. இந்தக் கரடி தாண்டவே மாட்டேங்குது."