கொடியில் நாலு துணி

அம்மா முடியாது என்று சொன்னால் முடியாதுதான். ஆனால் நானும் அதே அம்மா பெற்ற பிள்ளை அல்லவா?

என் பெயர் தேவசேனா. ஊர் பூம்பாறை. தினமும் பஸ் ஏறிக் கொடைக்கானல் போய் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். கோ-கோ விளையாட்டில் நான் ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் என் வகுப்பு லாவண்யாவைக் கேளுங்கள். என்னைப் பிடிக்கப் போய் இரண்டு முறை குப்புற விழுந்திருக்கிறாள்.

ஆறு மாதமாக எனக்கு மாதவிடாய் வருகிறது. எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. கடையில் வாங்கும் நாப்கின்தான் எனக்குச் சேரவில்லை. உராய்ந்து உராய்ந்து தொடை புண்ணாகிவிடும். வளைவு வளைவாகப் போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்காரவே முடியாது. அதனால் மாதாமாதம் மூன்று நாள் லீவு.

பி.டி. டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அடுத்த மாசம் ரெண்டாவது திங்கக்கிழமை டீம் செலக்‌ஷன். அன்னைக்கும் லீவு போட்டேன்னா உன் எடத்துல வேற ஆளைத்தான் போடணும்."

காலண்டரைப் பார்த்தேன். சரியாக அந்த நாட்களில்தான் எனக்கு வரும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே வாரம் எங்கள் பூண்டு வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. அப்பா வாய்க்காலில் இறங்கி மண்வெட்டியால் அடைப்பை இழுத்தார். சேற்றோடு ஏழெட்டு நாப்கின்கள் ஊறி உப்பிப்போய் வந்தன.

"என்னப்பா இது, குட்டித் தலகாணியா?" என்று கேட்டான் தம்பி ஜெயமுருகன்.

அப்பா அள்ளிக் கரையில் போட்டார். மேலே சரிவில் எல்லாரும் எறிந்தவை. அதில் நான் எறிந்ததும் இருந்திருக்கும். மாதக்கணக்கில் கிடந்தும் ஒன்றுகூட மக்கவில்லை. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

இனி இது வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பஸ் போகிற வழியில், அட்டுவம்பட்டியில் ரபியா அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் தைப்பார். பொங்கலுக்குச் சேர்த்து வைத்த காசில் ஆறு வாங்கினேன். விரித்தால் கைக்குட்டை மாதிரி இருக்கும். மடித்தால் நாப்கின்.

"நல்லா வெயில்ல காயணும் தேவி," என்றார் ரபியா அக்கா. "ஈரத்தோட போட்டா இதுவும் புண்ணாக்கிரும். ஒளிச்சு மறைச்சுக் காயப்போடாத."

செலக்‌ஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாதவிடாய் வந்தது. துணி மெத்தென்று இருந்தது. எரிச்சலே இல்லை. சனிக்கிழமை நாலைத் துவைத்துப் பிழிந்து முற்றத்துக்கு எடுத்துப் போனேன். அம்மா வழியை மறித்து நின்றார்.

"தீட்டுத்துணியை முத்தத்துல போடுவியா? நாலு பேரு வந்து போற எடம்டி."

"அப்ப எங்கம்மா போடறது?"

"மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி. என் பாவாடைக்கு அடியில."

அந்த இடத்தில் சுவரே பாசி பிடித்திருக்கும். அன்று முழுக்க மஞ்சு வேறு, எதிர்வீடே தெரியாத பனிமூட்டம். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். புகையில் காய்ந்தால் பல மாதம் கெடாது. பூண்டு காயும் இடத்தில் துணி காயாதா? கட்டுகளுக்கு நடுவில் நாலையும் சொருகிவிட்டேன். என்ன புத்திசாலித்தனம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே, பூண்டு பார்க்க வியாபாரி அப்துல் குத்தூஸ் மாமா கொடைக்கானலிலிருந்து வந்தார். அவரை அடுப்படியில் உட்காரவைத்து, அப்பா பரணிலிருந்து ஒரு பூண்டுக்கட்டை இழுத்தார். கட்டோடு என் துணிகளும் பொத்பொத்தென்று மாமாவின் மடியில் விழுந்தன.

மாமா ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு அப்பாவிடம் கேட்டார், "என்ன வேலப்பா, பூண்டுக்குக் குளிருதுன்னு ஸ்வெட்டர் போட்டிருக்கியா?"

அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்?

"அது என்னோட துணி நாப்கின்ங்க மாமா. துவைச்சதுதான்."

மாமா அதை மெதுவாகப் பக்கத்தில் இருந்த முறத்தில் வைத்தார். தொண்டையைச் செருமினார். "புகைவாடை ஏறிப்போச்சே தாயி," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

உண்மைதான். பூண்டு வாடையும் புகைவாடையும் சேர்ந்து மூக்கைத் துளைத்தன. மறுபடி துவைத்தாக வேண்டும். வெளியே அபூர்வமாக வெயில் அடித்தது. மணி பத்து. ஒரு மணிக்கு மஞ்சு இறங்கிவிடும். நாளைக்கு செலக்‌ஷன்.

வெந்நீரில் வெரசாகத் துவைத்தேன். நேராக முற்றத்துக் கொடிக்குப் போய் நாலையும் விரித்துப் போட்டேன்.

அம்மா ஓடி வந்தார். "ஏண்டி, உனக்குக் கூச்சமே இல்லையா?"

"பூண்டு வாங்க வந்தவரே பார்த்தாச்சும்மா. இனி யாருக்கு ஒளிக்கணும்?"

அம்மா ஒரு துண்டைக் கொண்டுவந்து மேலே போர்த்தினார். நான் எடுத்தேன். அப்பாவின் வேட்டியைக் கொண்டுவந்து போர்த்தினார்.

"காஞ்ச வேட்டியை எதுக்கும்மா காயப்போடுற?" என்றான் ஜெயமுருகன்.

"போலே, உன் சோலியைப் பாரு."

நான் வேட்டியையும் எடுத்து மடித்து வைத்தேன். கொடிக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டேன். "நாளைக்கு நான் ஓடணும்மா. இது காயாம நான் எந்திரிக்க மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சுசித்ரா அக்கா புல்லுக்கட்டோடு வந்தார். கொடியைப் பார்த்து நின்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன தேவி இது, குட்டி குட்டியா?"

"துணி நாப்கின்க்கா."

அக்கா கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "புண்ணாகலையா? எனக்கு மாசாமாசம் நடக்கவே முடியாது."

"வெயில்ல காஞ்சா ஒண்ணும் ஆகாதுக்கா. அட்டுவம்பட்டியில தைக்கிறாங்க."

"எனக்கும் வாங்கிட்டு வாடி," என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

அம்மா மடித்த வேட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும்தான் புண்ணாகும் தேவி. இத்தனை வருசமா யாருகிட்டயும் சொன்னதில்ல."

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சு இறங்கும்போது நாலும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன.

திங்கட்கிழமை நான் ஓடினேன். நாலு நிமிடம் யாராலும் என்னைத் தொட முடியவில்லை. டீச்சர் நோட்டில் முதலில் என் பெயரைத்தான் எழுதினார்.

சாயங்காலம் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய பருத்திச் சேலையை வெட்டிக்கொண்டிருந்தார். எதிரே என் துணி ஒன்று அளவுக்காக விரித்துக் கிடந்தது.

"எத்தனை மடிப்பு வைக்கணும்னு சொல்லுடி," என்றார்.

ஜெயமுருகன் எட்டிப் பார்த்தான். "நீயும் கோ-கோ டீமாம்மா?"

அம்மா கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னார், "ஏன், நான் ஓட மாட்டேனா?"