ஒன்பதரை மணிக்கூர் வித்தியாசம்

“குடையை வெளியே வச்சிட்டு வாங்க... தரையெல்லாம் நனையுது!”

“குடையே இல்ல. நான்தான் நனைஞ்சிருக்கேன்.”

ஜாஸ்மி நிமிர்ந்தாள். இராஜாக்கமங்கலம் ஜங்ஷனில் அவள் வேலை பார்க்கும் சின்ன டிக்கெட் ஆபீசின் வாசலில், சொட்டச் சொட்ட நின்றான் அவன். அழுது ஓய்ந்த கண்கள்... ஆனாலும் எவ்வளவு அழகு! சட்டென்று பார்வையைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிக்கொண்டாள்.

பெயர் எபிசன். டொரான்டோவுக்கு ஒரு டிக்கெட். போவதற்கு மட்டும்.

“பதினாலாயிரம் கிலோமீட்டர் பக்கம். மாறி ஏறி இருபது மணிக்கூர் ஆகும்.”

“தெரியும். பத்து நாள் முன்னால அப்படித்தான் வந்தேன். அப்பாவுக்க முகம் பாக்க... கல்லறையைத்தான் பாத்தேன்.”

அக்கா ஷீபா அடக்கத்தை முடித்துவிட்டாளாம். காலை ஒன்பதுக்கே வந்துவிடுவான் என்று எவளோ ஒரு டிக்கெட் ஆபீஸ்காரி போனில் சொன்னாளாம். சாயங்காலம் நாலு மணிவரை ஆளும் வரவில்லை, போனும் கிடைக்கவில்லையாம்.

“எல்லாம் பொய். அப்பாகிட்ட சண்டை போட்டுட்டுப் போனவன்லா நான்... அதான் காத்திருக்கல. இனி இந்த ஊருக்கே வரமாட்டேன்.”

ஜாஸ்மியின் விரல்கள் நின்றுபோயின. அந்த ஆபீஸ்காரி அவள்தான். ‘தம்பி அங்க மத்தியானம் ஒரு மணிக்கு ஏறுதான், எப்ப வருவான்?’ என்று ஒரு பெண் அழுதபடி கேட்டபோது, ஒன்றோடு இருபதைக் கூட்டிச் சொல்லிவிட்டாள். அங்கே மத்தியானம் ஒன்று என்றால் இங்கே இராத்திரி பத்தரை என்பது நினைவுக்கே வரவில்லை.

நெட் இல்லை என்று சொல்லி அவனை அனுப்பினாள். மறுநாளும் அதையே சொன்னாள்.

“நெட் இல்லியா... இல்ல, நான் தெனமும் வரணும்னா?” முதல் தடவையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவள் மனம் போயே போயிற்று. சொன்னால் இந்தக் கண்கள் தன்னை வெறுக்கும். சொல்லாவிட்டால் ஓர் அக்கா தம்பியை இழப்பாள்...

மூன்றாம் நாள் சொல்லிவிட்டாள்.

“உங்க அக்கா பொய் சொல்லல. போன்ல பேசினது நான்தான். ஒன்பதரை மணிக்கூர் வித்தியாசத்தை விட்டுட்டேன். என்னை என்ன வேணும்னாலும் பேசுங்க... அக்காவை வெறுக்காதீங்க.”

அவன் முகம் வெளுத்தது. மழையில் இறங்கிப் போய்விட்டான்.

நாலு நாள் வரவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் வந்தான். கையில் குடை. அதை மடக்கி, மறக்காமல் வெளியே சாய்த்துவைத்தான்.

“அக்கா வீட்டுலதான் இருந்தேன். ரெண்டு பேரும் கல்லறையில போய் அழுதோம்...” எதிரே உட்கார்ந்தான். “உங்க மேல கோவம் இருந்துது. இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா நீங்க மறைச்சிருந்தா எனக்கு அக்கா இல்ல. டிக்கெட் போடுங்க. திரும்பி வரவும் சேத்து.”

“வர்றது... எப்போ?”

“அப்பாவுக்க வருஷ நினைவுக்கு. அது முடிஞ்சதும் அக்கா உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வருவா. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ஜாஸ்மி. நான் எத்தனை மணிக்கு வந்து இறங்குவேன்னு சரியா பாத்துச் சொல்லுங்க.”

திரை கண்ணீரில் கலங்கித் தெரிந்தது அவளுக்கு.

“கணக்கு வேண்டாம்... முந்தின நாளே ஏர்போர்ட்டுல வந்து நிப்பேன்.”