சர்க்கரை சேர்க்காத சாவு!

அந்தக் கூடத்தில் அப்போது இருந்தவர்கள்...

'இறகு' டயட் பிஸ்கட் கம்பெனியின் முதலாளி. அந்த பிஸ்கட்டைப் பிறப்பிக்கிற கெமிஸ்ட். இன்ஸ்பெக்டர் அம்மாள். அவளோடு வந்த தொப்பை ஏட்டு.

அப்புறம், சுவரில் ஒருத்தி.

அவள் மட்டும் இரண்டு தடவை இருந்தாள். இடது படத்தில் குண்டாக. வலது படத்தில் ஒல்லியாக. இடதின் கீழே 'முன்'. வலதின் கீழே 'பின்'. கம்பெனியில் எல்லோருக்கும் அவள் 'போஸ்டர் அக்கா'.

செத்துப் போய் ஒரு மாதமாகிறது.

செத்தவளை எதற்கு வருகைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்?

சேர்க்கத்தான் வேண்டும். அவள் இன்னும் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பதாக முதலாளி நம்பினார்!

வெளியே மத்தியான மழை. கூடத்தின் கோடியில் ஸ்டோர் ரூமின் இரும்புக் கதவு. வெளிப்பக்கம் கொண்டி, கொண்டியில் பூட்டு. நீண்ட லீவு முடிந்து அந்தக் கதவைத் திறந்தபோதுதான் போஸ்டர் அக்கா உள்ளே செத்துக் கிடந்தாள். சுற்றிலும் கிழிந்த பாக்கெட்டுகள். கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"இன்னிக்கு இந்தக் கேஸை மூடிடலாம்னு வந்தேன் சார்" என்றாள் இன்ஸ்பெக்டர். "நீங்க சொன்னதை ஒரு தடவை சரிபார்த்துடலாமா?"

"சரிபார்க்க என்ன இருக்கு மேடம்? பிஸ்கட் திருட உள்ள போயிருக்கா. அவ உள்ள இருக்கறது தெரியாம யாரோ ஸ்டாஃப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் ஊர்லயே இல்லை!"

"ஊர்லயே இல்லை..."

"இல்லவே இல்லை!"

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஏ.சி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

கெமிஸ்ட் தொண்டையைச் செருமினான். "சாருக்கு உடம்பு சரியில்லை மேடம். அந்த ரூம்ல யாரோ கடிக்கிற மாதிரி சத்தம் கேக்குதாம். எங்க யாருக்கும் கேக்கலை."

"யோவ்! வாயை மூடு!"

"எலியா இருக்கும் சார்" என்றார் ஏட்டு.

கெமிஸ்ட் தலையை ஆட்டினான். "எங்க ஸ்டோர்ல எலி கிடையாது. ஒரு தடவை வந்துச்சு. பிஸ்கட்டை மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. அட்டைப்பெட்டியைத்தான் தின்னுச்சு."

ஏட்டுவின் முகம் வாடியது. "அம்மா... நானே மூணு மாசமா இதைத்தான் சாப்பிடறேன். காலைல ஒரு பாக்கெட், ராத்திரி ஒரு பாக்கெட். பெல்ட்ல புது ஓட்டைகூடப் போட்டாச்சு."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"...வெளிப்பக்கம்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த பாக்கெட்டை எடுத்துக் கெமிஸ்டிடம் நீட்டினாள்.

"சர்க்கரை சேர்க்கலைன்னு போட்டிருக்கீங்களே. அப்புறம் இதுல என்னதான் சேர்த்திருக்கு?"

"சர்க்கரைன்னு பேர் வச்சது எதுவும் இல்லை மேடம். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் இருக்கு. ஸ்டார்ச்சுலேர்ந்து எடுக்கற பொடி. நாக்குல அவ்வளவா இனிக்காது. ஆனா ரத்தத்துக்குப் போனா சர்க்கரைதான்."

"கொழுப்பு குறைவுன்னு..."

"கொழுப்பை எடுத்தா அட்டை மாதிரி ஆயிடும். அதை மறைக்க உப்பு, ஃப்ளேவர், இன்னும் கொஞ்சம் பொடி. மொறுமொறுப்புக்குத் தனியா மெனக்கெடுவோம். கடிக்கிற சத்தத்தை அளக்கறதுக்கே மிஷின் வச்சிருக்கோம். சத்தம் நல்லா வந்தா கை தானா அடுத்த பிஸ்கட்டுக்குப் போயிடும். எங்க பிஸ்கட்டைக் கடிச்சா பக்கத்து ரூமுக்குக் கேக்கும் மேடம்!"

"இரும்புக் கதவு போட்டிருந்தா?"

"அப்பவும் கேக்கும்."

முதலாளி கண்களை மூடிக்கொண்டார்.

"பாவம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "போஸ்டர் அக்காவுக்கு ரத்தத்துல சர்க்கரை. தினம் ஊசி போட்டாகணும். ஊசி இருந்த கைப்பை இந்தக் கூடத்து மேஜைமேல கிடந்துச்சு. உள்ள தண்ணி இல்லை. ஊசி இல்லை. இருந்ததெல்லாம் இந்த பிஸ்கட்தான். பாக்கெட்ல எழுதியிருக்கறதை நம்பித் தின்னுருக்கா. சர்க்கரை எகிறி எகிறி... உள்ளேயே முடிஞ்சிடுச்சு."

வெளியே மழை பேசிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் சுவருக்கு நடந்தாள்.

"ஏட்டு, இந்த ரெண்டு படத்தையும் பாரு. குண்டா இருக்கற படத்துல இடது முழங்கையில என்ன தெரியுது?"

"தழும்பும்மா. இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி இருக்கு."

"ஒல்லியா இருக்கற படத்துல?"

"ஒண்ணுமே இல்லியே... வழவழன்னு இருக்கு."

"இளைச்சா தொப்பை போகலாம். தழும்பு போகுமா சார்?"

முதலாளி அவசரமாகச் சிரித்தார். "அது கம்ப்யூட்டர்ல அழிக்கறது மேடம். விளம்பரத்துல சகஜம்."

"அழிச்சீங்களா?" இன்ஸ்பெக்டர் கேட்டது முதலாளியை அல்ல. கெமிஸ்டை.

கெமிஸ்ட் தரையைப் பார்த்தான்.

"அழிக்கலை மேடம். ஒல்லிப் படத்தைத்தான் முதல்ல எடுத்தோம்."

"டேய்!"

"விடுங்க சார்... என்னால தூங்க முடியலை." அவன் குரல் உடைந்தது. "மேடம், குண்டா இருக்கறவங்களை எங்க பிஸ்கட் இளைக்க வைக்காது. அது எங்களுக்கே தெரியும். அதனால ஒல்லியா இருக்கறவங்களைப் பிடிப்போம். படம் எடுப்போம். அப்புறம் மாசக்கணக்கா தீனி போட்டுக் குண்டாக்குவோம். மறுபடியும் படம். பேரை மட்டும் மாத்தி ஒட்டிடுவோம். முதல்ல எடுத்தது 'பின்'. அப்புறம் எடுத்தது 'முன்'."

ஏட்டு வாயைப் பிளந்தார். "அடப்பாவிகளா!"

"ஏத்தின உடம்பு இறங்கலை. சர்க்கரை வந்துடுச்சு. சார்கிட்ட வந்து அழுதாங்க. நம்ம பிஸ்கட்டையே சாப்பிடு, இளைச்சிடும்னு சொன்னாரு. அந்த அக்கா அதையும் நம்புனாங்க மேடம்! கடைசியில ஊருக்கே சொல்லிடுவேன்னு கத்துனாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

இன்ஸ்பெக்டர் அடுத்த சுவருக்குத் திரும்பினாள். அங்கே புதுச் சட்டம் ஒன்று மாட்டியிருந்தது. வலது பாதியில் ஒல்லியான ஒரு பெண். புதுப்புடவை. கூச்சச் சிரிப்பு. கீழே 'பின்'.

இடது பாதி காலி. வெறும் பழுப்புக் காகிதம். கீழே 'முன்' என்று மட்டும் தயாராக எழுதி வைத்திருந்தது.

"இது யாரு சார்?"

முதலாளி மறுபடியும் கழுத்தைத் துடைத்தார். "என்... என் மிஸஸ்."

"எங்க இருக்காங்க?"

"வீட்ல. காய்ச்சல்."

"காய்ச்சலா? இல்லை, சாப்பாட்டு நேரமா?"

ஏட்டு காலி இடத்தையே பார்த்தார். அந்தப் பழுப்புக் காகிதம் ஒருத்திக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவள் ஊதி வரும்வரை காத்திருக்கும்!

அப்போதுதான் அது கேட்டது.

கறுக்!

ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்து.

மொறுக்... மொறுக்...

கெமிஸ்ட் இரண்டடி பின்வாங்கினான். ஏட்டுவின் கை தானாகத் தாயத்தைத் தேடியது. பூட்டு தொங்கியபடியே இருந்தது. அசையவில்லை. உள்ளே மட்டும்...

கறுக்!

"கேக்குதா? இப்பவாவது கேக்குதா?" முதலாளி அலறினார். கண்கள் பிதுங்கின. "நான் சொன்னேன்ல! அவதான்! அதே சத்தம்! தினம் கடிக்கிறா! கடிச்சுட்டே இருக்கா! ஆனா தட்ட மாட்டேங்கறா! அன்னிக்குத் தட்டினாளே... இப்ப ஏன் தட்டலை? ஏண்டி தட்டலை?"



இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டாள்.

"என்னிக்குத் தட்டினா சார்?"

முதலாளி ஸ்டோர் கதவிலிருந்து பின்வாங்கினார்.

"நீங்கதான் ஊர்லயே இல்லியே. உள்ள இருந்து தட்டினது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

மொறுக்.

முதலாளி மடிந்து தரையில் உட்கார்ந்தார். "கதவைத் தட்டுவா... ஒரு பிஸ்கட் கடிப்பா... மறுபடியும் தட்டுவா. நான் இங்கதான் நின்னேன். கொஞ்சம் பயம் காட்டிட்டுத் திறந்துடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம்... திறந்தா கத்துவாளேன்னு போயிட்டேன்."

"ஏட்டு, பூட்டைத் திற."

"அம்மா... நானா?"

"நீதான். அதுக்குத்தான் அரசாங்கம் உனக்குச் சோறு போடுது."

கெமிஸ்ட் நீட்டிய சாவியை ஏட்டு நுழைத்தார். கொண்டி கிறீச்சிட்டது. கதவு திறந்தது.

இருட்டிலிருந்து ஒருத்தி வெளியே வந்தாள்.

கையில் பாக்கெட். உதட்டில் துகள். சுவரில் சிரித்துக்கொண்டிருந்த அதே முகம்... கன்னத்தில் மட்டும் புதுச் சதை ஏற ஆரம்பித்திருந்தது.

"நீயா!" என்றார் முதலாளி.

"நான்தாங்க. பீரோவுல, ஸ்டோருக்குப் பின்னால வெளியிலேர்ந்து பூட்டற லோடு ஷட்டரோட சாவி இருந்துச்சு. பின்பக்கமா வந்தேன்." முதலாளியின் மனைவி பாக்கெட்டைச் சுருட்டி அவர் மடியில் போட்டாள். "கேக்கு, சிப்ஸ், கூல்டிரிங்ஸ்... ஊட்டி ஊட்டி விட்டீங்களே. ஆசையா பார்த்துக்கறாரேன்னு நினைச்சேன். போன வாரம் உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தப்போ இந்தக் காலிச் சட்டத்தைப் பார்த்தேன். அப்பத்தான் புரிஞ்சுது. காலைல இந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். லீவு நடுவுல, சாவி மறந்துட்டேன்னு நீங்க மட்டும் வெளியூர்லேர்ந்து இங்க திரும்பி வந்ததையும் சொல்லிட்டேன்."

"ஒரு மாசமா... என்னை ஒரு மாசமா நீதான் பயமுறுத்திட்டு இருந்தியா?"

அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"ஒரு மாசமா? நான் இன்னிக்குத்தாங்க உள்ள வந்தேன்."

கெமிஸ்ட் சட்டென்று ஸ்டோர் ரூமைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே இருட்டு. வெறும் இருட்டு.

ஸ்டேஷன்.

ஏட்டு கேமராவோடு நின்றார். முதலாளியின் கையில் சிலேட்டுப் பலகை.

"நேரா பாருங்க சார். சிரிக்க வேண்டாம். இதுதான் 'முன்'" என்றாள் இன்ஸ்பெக்டர். "'பின்' படத்தை ஜெயில்ல எடுப்பாங்க. அங்கெல்லாம் வரிசையை மாத்த மாட்டாங்க."

பளிச்!

லாக்கப் வெறுமையாக இருந்தது. நாலு சுவர், ஒரு பாய். ஏட்டு அவரை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தார்.

மூலையின் இருட்டில்...

கறுக்.

முதலாளி விறைத்தார். இன்ஸ்பெக்டர் ஏட்டுவை முறைத்தாள். ஏட்டு வாயைத் திறந்து காட்டினார். நாக்கைக்கூட நீட்டிக் காட்டினார்.

காலி!

"மேடம்! உள்ள யாரோ இருக்காங்க! கதவைத் திறங்க மேடம்!" இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினார் முதலாளி. தட்! தட்! தட்!

இன்ஸ்பெக்டர் பூட்டை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள்.

"தட்டுங்க சார், நல்லா தட்டுங்க. நாங்க யாருமே ஊர்ல இல்லை!"