பாதி அணி

செரினாவின் பூதங்கள் மூன்றுக்கும் அடிக்கத் தெரியாது.

புரோட்டா ஓர் ஆமை. அதன் ஓடு அடுக்கடுக்காக இருக்கும். யார் எவ்வளவு அடித்தாலும் தாங்கிக்கொண்டு நிற்கும். அகர் அகர் ஒரு ஜெல்லி மீன். நடுங்கிக்கொண்டே மிதந்து வந்து, அடிபட்டவர்களின் காயத்தை ஆற்றும். மைலோ ஒரு பழுப்புக் காளான். அது தூவும் பொடி மேலே பட்டால் எதிரி குறட்டை விட்டுத் தூங்கிவிடும்.

மூன்றும் தங்கமானவைதான். ஆனால் மூன்றையும் சேர்த்து இறக்கினாலும் ஒரு சுண்டெலியைக்கூட வீழ்த்த முடியாது.

பூதக்களம் என்ற வீடியோ விளையாட்டில் அடிக்கிற பூதங்களுக்கா பஞ்சம்? முன்பு அவளிடமும் இருந்தன. பிடரியில் தீ எரியும் சிங்கம் சம்பல். மின்னலாகப் பாயும் பறவை கிச்சாப். உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் பன்றி சாத்தே. இப்போது அவை அண்ணன் கேலப்பிடம் பூன் லேயில் இருந்தன. செரினாவோ தீவின் இன்னொரு கோடியில், தெம்பனிஸில் இருந்தாள்.

ஒரு காலத்தில் ஆறும் ஒரே அணி. கேலப்புக்கு அடிப்பதென்றால் உயிர். செரினாவுக்கு அடிபட்டவர்களைக் கவனித்துக்கொள்ளப் பிடிக்கும். சம்பல் களைத்துப்போனால் புரோட்டா முன்னால் வந்து நிற்கும். அதன் முதுகுக்குப் பின்னால் அகர் அகர் காயத்தை ஆற்றும். தெம்பு வந்ததும் சம்பல் மறுபடியும் பாயும். ஒரே கன்சோலை இரண்டு பேரும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் தோற்காமல் ஆடிய காலம் அது. பூதங்களுக்குச் சாப்பாட்டுப் பெயர் வைத்ததும் அப்போதுதான். பசி நேரத்தில் வைத்த பெயர்கள்.

பிறகு ஒருநாள் அப்பாவும் அம்மாவும் அவர்களைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தார்கள். இனிமேல் தாங்கள் வேறு வேறு வீட்டில் இருக்கப்போவதாக அப்பா சொன்னார். யார் யாரோடு இருக்க விருப்பம் என்று அம்மா கேட்டார். கேட்கும்போது அம்மா யாரையும் பார்க்கவில்லை. மேசை விரிப்பை நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

கேலப் அப்பாவோடு என்றான். செரினா அம்மாவோடு என்றாள்.

அந்த நிமிடத்திலிருந்து கேலப் அவளோடு பேசுவதில்லை.

அப்பா அவனுக்குப் புதுக் கன்சோல் ஒன்று வாங்கிக் கொடுத்தார். வீடு மாற்றும் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அணியைப் பிரித்தார்கள். அப்போதும் அவன் வாயே திறக்கவில்லை. விரலால் சம்பலைத் தொட்டுக் காட்டினான், அடுத்து கிச்சாப், அடுத்து சாத்தே. மிச்சம் இருந்தது அவளுக்கு.

தெம்பனிஸுக்கு வந்த பிறகு அவள் புதுப் பூதம் எதையும் பிடிக்கவில்லை. அணியில் மூன்று இடம் காலியாகவே கிடந்தது. தோழி சாதியா ஒரு நெருப்புப் பூனையைச் சும்மாவே தருகிறேன் என்றாள். செரினா வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் வேண்டாம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு நால்வரும் ஒரே மாதா கோயிலுக்குத்தான் போனார்கள். அப்பாவும் கேலப்பும் இடப்பக்க வரிசையில், அம்மாவும் செரினாவும் வலப்பக்க வரிசையில். நடுவே ஆள் நடக்கும் பாதை மட்டும்தான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வரும். கேலப் முன்னால் இருந்த ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்வான். பின்னால் இருந்த கைக்குழந்தைக்குக்கூடச் சொல்வான். பாதைக்கு இந்தப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டான். செரினா கைகளைக் கூப்பியபடி காத்திருப்பாள். பாட்டு ஆரம்பித்துவிடும்.

அவள் அனுப்பிய செய்திகளை அவன் படித்தான் என்று கைப்பேசி சொல்லும். பதில் வராது.

டிசம்பர் விடுமுறையில் தெம்பனிஸ் கடைத்தொகுதி ஒன்றில் பூதக்களம் போட்டி நடத்தினார்கள். மூன்று பூதங்கள் இருந்தால் போதும். கேலப் இதற்கு வராமல் இருக்க மாட்டான் என்று செரினாவுக்குத் தெரியும். அதனால்தான் அவளும் பெயர் கொடுத்தாள். கோப்பையைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அவன் ஒரு வார்த்தை பேசினால் போதும்.

"உன் டீம்ல யாரு அடிப்பா?" என்று கேட்டாள் சாதியா.

"யாரும் அடிக்க மாட்டாங்க."

"அப்புறம் எப்படி ஜெயிப்ப?"

"தெரியாது லா," என்றாள் செரினா.

போட்டியன்று காலையிலிருந்தே மழை. கடைத்தொகுதிக் கண்ணாடிகளில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்குக் கீழ்த்தளத்து பேக்கரியில் வேலை. அவளை மூன்றாம் மாடியில் விட்டுவிட்டு இறங்கிப் போனார். அப்பா கேலப்பைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உணவுக்கடைப் பக்கம் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. ஒரே கட்டடம்தான். ஆனாலும் அம்மாவும் அப்பாவும் கண்ணில் படாமல் நடந்துகொண்டார்கள்.

கேலப் உயரமாகிவிட்டான். அவள் இதுவரை பார்க்காத சட்டை ஒன்று போட்டிருந்தான். அவளைப் பார்த்தான், உடனே மேலே தொங்கிய கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

போட்டியை நடத்தியவர் அதீஃப் என்ற கல்லூரி மாணவர். யார் யாரோடு ஆடுவது என்று கைப்பேசியில் குலுக்கிப் போட்டார். திரையைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"கேலப் சூசைநாதன், செரினா சூசைநாதன். அண்ணன் தங்கச்சியா? வீட்டுல சண்டை போட்டது பத்தாதா லா? வேணும்னா மாத்தி விடறேன்."

"மாத்த வேணாம்," என்றாள் செரினா, கொஞ்சம் வேகமாகவே.

கேலப் தோளைக் குலுக்கினான்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆட்ட நேரம் இருபது நிமிடம். அதற்குள் எதிராளியின் மூன்று பூதங்களையும் வீழ்த்த வேண்டும். முடியாவிட்டால், யாருடைய பூதங்களிடம் அதிக உயிர் மிச்சம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அடிக்கிற பூதத்துக்கும் கொஞ்சம் உயிர் குறையும்.

கேலப் சம்பலை இறக்கினான். செரினா புரோட்டாவை இறக்கினாள். திரையில் சம்பலின் தீப்பிடரியைப் பார்த்தது அவளுக்கு நெடுநாள் கழித்து வீட்டு ஆளைப் பார்த்ததுபோல் இருந்தது.

சம்பல் தீயைக் கக்கியது. புரோட்டா தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பாதி உயிர் போயிற்று. அவள் அகர் அகரை அனுப்பிக் காயத்தை ஆற்றினாள். கேலப் கிச்சாப்பை விட்டான். மைலோ பொடி தூவியது. கிச்சாப் நடு வானத்திலேயே தூங்கிப்போயிற்று. சாத்தே வந்து முட்டியது. மறுபடியும் புரோட்டா.

இப்படியே போனது. பக்கத்து மேசைகளில் எல்லாரும் முடித்துவிட்டு எழுந்தார்கள். புது ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். இந்த மேசையில் மட்டும் அவன் அடித்தான், அவள் ஆற்றினாள். அவன் மறுபடியும் அடித்தான், அவள் மறுபடியும் ஆற்றினாள்.

செரினாவுக்கு இது போதும் போலிருந்தது. இந்த ஆட்டம் நடக்கும்வரை அவன் எதிரே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கோயிலின் அந்தப் பாதை நடுவில் இல்லை. கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்.

ஆனால் மேசை மேலிருந்த கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடித்து அடித்தே அவன் பூதங்களின் உயிர் குறைந்திருந்தது; நேரம் முடிந்தால் அவள்தான் ஜெயிப்பாள். தங்கையிடம் தோற்றுவிட்டு, ஆத்திரத்தோடு அவன் எழுந்து போவான். விட்டுக்கொடுத்தால்? ஜெயித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த மேசைக்குப் போவான்.

எப்படி ஆடினாலும் அவன் போய்விடுவான்.

கேலப் கன்சோலை மேசையில் லேசாகத் தட்டினான்.

"ஏன் அடிக்கவே மாட்டேங்கிற?"

இத்தனை மாதத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை அது. கோபமாகத்தான் வந்தது. வந்ததே!

"அடிக்கிறவங்க எல்லாம் உங்கிட்ட இருக்காங்க," என்றாள் அவள்.

அவன் சாத்தேயை அனுப்பினான். அவள் அதைத் தூங்க வைத்தாள்.

"நீதானே கூட வரல," என்றான் பிறகு, திரையைப் பார்த்தபடியே. "அப்பாகூடன்னு சொல்லுன்னு முந்தின நாளே சொன்னேன். நீ சரின்ன."

"சரின்னு சொல்லல. தலைய ஆட்டினேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

அவளுக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அன்று அவன் சொன்னபோது சரியென்றுதான் நினைத்தாள். மறுநாள் மேசையில் அம்மா விரிப்பை நீவிக்கொண்டே இருந்ததைப் பார்த்த பிறகு வாய் வேறு சொல்லிவிட்டது. அதை எப்படிச் சொல்வது? கடிகாரத்தைப் பார்த்தாள். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

"நீ அப்பாகூடன்னு முதல்ல சொல்லிட்ட," என்றாள். "நானும் அங்கேயே வந்துட்டா அம்மாகிட்ட யாரு இருப்பா?"

கேலப்பின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"அப்ப நான் அம்மாகூடன்னு சொல்லியிருந்தா?"

"அப்பாகிட்ட போயிருப்பேன்."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. கேட்டதும் வந்துவிட்டது.

கேலப் முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். அவன் முறை வந்து, அடிக்காமலேயே கடந்து போனது. அடுத்த முறையும் போனது. திரையில் சம்பல் பிடரியைச் சிலுப்பிக்கொண்டு, எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றது.

"நீ என்கூட இருக்கப் பிடிக்காமத்தான் போனேன்னு நெனச்சேன்," என்றான் மெதுவாக.

செரினா தலையை அசைத்தாள். பிறகு, இந்த முறை வாயாலும் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

"இல்ல," என்றாள்.

அதீஃப் வந்து நேரம் முடிந்துவிட்டது என்றார். இரண்டு திரைகளையும் பார்த்தார். செரினாவுக்கு வெற்றி என்று அறிவித்துவிட்டு, ஒரு அடிகூட அடிக்காமல் ஜெயித்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்தார். அடுத்த ஆட்டம் ஐந்து நிமிடத்தில் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கேலப் எழுந்தான். செரினா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான், போகப்போகிறான்.

"அடுத்த ரவுண்டுல உனக்கு எதிரா உமைர்," என்றான் அவன். "அவன்கிட்ட விஷப்பாம்பு இருக்கு. விஷத்த அகர் அகரால ஆத்த முடியாது. நசுக்கிடுவான்."

"தெரியும்."

"நடுவுல டீம் மாத்தலாமா?" என்று அதீஃபைக் கூப்பிட்டுக் கேட்டான். ஆரம்பிப்பதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் கையசைத்தார்.

கேலப் மேசையைச் சுற்றிவந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். தன் கன்சோலை அவளுடையதன் அருகே வைத்து, பூதங்களை மாற்றிக்கொள்ளும் பக்கத்தைத் திறந்தான். சம்பலைத் தொட்டான். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை வாங்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி.

"பதிலுக்கு எது வேணும்?" என்றாள் செரினா.

"புரோட்டா."

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆமையை அவன் நடமாடும் அம்மிக்கல் என்று கேலி செய்த நாட்கள் உண்டு.

"அது அடிக்காதே."

"அடிக்கறதுக்கு ஆள் இருக்கு. அடி வாங்கிக்கத்தான் யாரும் இல்ல." கன்சோலின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். "அப்பா பேசறதே இல்ல, செரினா. சாப்பிட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்துடறாரு. நான் ரூமுக்குப் போயிடறேன்."

"அம்மா பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழறாங்க," என்றாள் அவள். இதை அவள் சாதியாவிடம்கூடச் சொன்னதில்லை.

கேலப் மாற்றும் பொத்தானை அழுத்தினான். சம்பல் இந்தப் பக்கம் வந்தது. புரோட்டா அந்தப் பக்கம் போனது, வழக்கம்போல அவசரமே இல்லாமல்.

கேலப்பின் கைப்பேசி அடித்தது. அப்பா. மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, ஆட்டம் முடிந்துவிட்டதா, கிளம்பலாமா என்று அவர் கேட்டது செரினாவின் காதிலும் விழுந்தது. எதிரே உமைர் வந்து உட்கார்ந்து கன்சோலைத் திறந்தான்.

கேலப் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இல்லப்பா," என்றான். "நாங்க இன்னும் ஆட்டத்துல இருக்கோம்."