கறுப்பு வெள்ளைக் கடல்

டிவியின் சத்தத்தை அஜந்தா முழுதாகக் குறைத்துவிட்டாள். ஆனாலும் கடல் இரைந்துகொண்டிருந்தது.

ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். திரையில் பூச்சியம் என்றுதான் காட்டியது. கீழே பாரிஸின் லா ஷப்பல் தெருவில் பஸ் போகிற இரைச்சலாக இருக்கும், வேறென்ன என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். மார்கழிப் பின்னேரம், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் ஹரிப்பிரியா வேலை முடிந்து வருகிற நேரம்.

இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னவளே மகள்தான். பிலிப்பைன்ஸ் நாட்டுக் கறுப்பு வெள்ளைப் படம். "மமோ, மாமா கடைசியா நிண்ட நாட்டில எடுத்தது. கட்டாயம் பாருங்கோ" என்று, அம்மாவை வழக்கம்போலப் பிரெஞ்சில் கூப்பிட்டுச் சொல்லி, காலையில் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பிள்ளை சும்மா இருந்திருக்கலாம்.

படமா அது! பல வருசத்துக்கு முன் கைவிட்ட வழக்கொன்றை ஒரு துப்பறியும் அதிகாரி திரும்பக் கையிலெடுக்கிறார். கரையொதுங்கிய பேர் தெரியாத பிணம் யாருடையது என்று வீடு வீடாய்ப் போய் விசாரிக்கிறார். மனுசன் ஒரு கதவைத் தட்டிவிட்டு நின்றால் நின்றதுதான். அவர் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் இங்கே ஒரு சமையலே முடிந்துவிடும். ஆனால் பிணம் என்ற சொல்லைத் திரையடியில் பிரெஞ்சு எழுத்தில் வாசித்த நேரந்தொட்டு அஜந்தாவுக்கு அண்ணன் நினைவுதான். அண்ணன் கீர்த்தனனை, ஆட்களைக் களவாய் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் மணிலா வரைக்கும் கொண்டுபோய், இன்றைக்கு வள்ளத்தில் ஏற்றப்போகிறேன் என்றான். அதோடு சரி. இருக்கிறார் என்று சொல்லவும் முடியாமல், இல்லையென்று அந்தியேட்டிக் கிரியை செய்யவும் மனம் வராமல் வீட்டில் எல்லாரும் அப்படியே கிடந்து வாடினார்கள்.

இப்போது திரையில் கடற்கரை. சாம்பல் நிற மணல், சாம்பல் நிற வானம், அலை வந்து வந்து நுரையை விட்டுவிட்டுப் போக, தூரத்தில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். பருப்பு வாசத்தை மூடிக்கொண்டு அழுகின கடற்பாசி வாடை அறை முழுக்கப் பரவ, அவனுடைய இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பதை அஜந்தா கண்டாள். மாமரத்தால் விழுந்து முறிந்த தோள். அவளுக்கு அந்தத் தோளைத் தெரியும்.

ஆள் திரும்பினான்.

"போட்டு வாறன், தங்கச்சி."

தமிழ். பிரெஞ்சு எழுத்து எதுவும் வரவில்லை.

எங்கள் சனம் புறப்படும்போது ‘போறன்’ என்று சொல்லாது. வாறன் என்றுதான் சொல்லும். கேட்டவர் வாங்கோ என்று சொல்லி அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் மனம் ஆறாது. மணிலாவிலிருந்து அண்ணன் கடைசியாகப் பேசினபோதும் அப்படித்தான் சொன்னார். இவள் பதில் சொல்ல முதல் லைன் அறுந்துவிட்டது. அந்தப் பதில் அன்றுதொட்டு அவள் தொண்டைக்குள்ளேயே கிடந்தது, பாவி.

"ஓம் அண்ணை, வாங்கோ" என்று அவள் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

கடல் இரைச்சல் நின்றது.

ஆள் நடந்து வந்தான். அவசரமில்லாமல் வந்தான். முகம் தெரிகிற தூரத்துக்கு வர முதல் திரையின் ஓரத்தால் விலகிப் போனான். வெறும் கரை. பிறகு அதிகாரி வந்து, மணலில் பதிந்த காலடியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அஜந்தாவை நேராகப் பார்த்தார். அவர் வாயசைய, கீழே பிரெஞ்சில் எழுத்து வந்தது: யார் அவனைக் கூப்பிட்டது?

ஐயோ!

மகளுக்குப் போன் எடுத்தாள்.

"எங்கையம்மா நிக்கிறாய்?"

"கீழ, எங்கட வாசல்ல. மமோ, படியெல்லாம் ஏன் ஈரமாக் கிடக்கு?"

"ஏறாதை பிள்ளை! வெளியில போ!"

"என்ன மமோ, ஏன் கத்துறியள்? இஞ்சை ஒரு அங்கிள் எனக்காகக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். தமிழ் ஆள்தான் போல... இந்தக் குளிருக்குள்ள வெறுங்காலோட..." குரல் தூரப்போனது. "மெர்சி, அங்கிள்."

போனுக்குள் அலை அடித்தது. பிறகு ஒன்றுமில்லை.

"ஹரி! ஹரி!"

படியில் காலடி. ஒரேயொரு ஆளின் காலடி. ஈரக்கால். முதலாம் மாடி. இரண்டாம் மாடி. நின்று மூச்சு வாங்கியது. திரும்பவும் ஏறியது.

கதவுப் பூட்டில் திறப்பு நுழைந்தது. மகளின் திறப்புக் கோர்வை கிலுங்கியது. கடவுளே, பிள்ளை வந்திட்டாள், பிள்ளைதான் என்று அஜந்தா எழும்பினாள்.

"ஹரி?"



அப்போதுதான் திரை கண்ணில் பட்டது. கரை வெறுமையாக இல்லை. கறுப்பும் வெள்ளையுமான அந்தக் கடலுக்குள், முழங்காலளவு தண்ணீரில், மஞ்சள் குளிர்க்கோட் போட்ட ஒரு பெண்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காலையில் அஜந்தாதான் அந்தக் கோட்டின் சிப்பை இழுத்துப் பூட்டிவிட்டாள்.

பின்னால் கதவு திறந்தது. குளிர் வந்தது. பாசி வாடை.

அவள் திரும்பவில்லை. திரையைவிட்டுக் கண்ணை எடுத்தால் பிள்ளை போய்விடும்.

"வாம்மா. கரைக்கு வா. அம்மாட்டை வா."

அலை மஞ்சள் கோட்டின் தோளுக்கு ஏறியது. ஈரக்கை ஒன்று பின்னாலிருந்து வந்து, அஜந்தாவின் உச்சந்தலையில் பதிந்து, சின்ன வயதில் அண்ணன் தடவுகிற மாதிரியே மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.