கோபுர உச்சியில் மூன்று பேர்

"ஆ...ஆ...!"

கோபுர உச்சியிலிருந்து அலறிக்கொண்டே வந்து விழுந்தார் மாமனார்.

கல் தரையில் மண்டை பிளந்து... உயிர் அங்கேயே போய்விட்டது.

கடல் தாண்டி இந்தப் பழைய நகரத்தைப் பார்க்க வந்த சுற்றுலாக் கூட்டம் விக்கித்து நின்றது.

"அப்பா...!" மகள் ரத்தத்திலேயே விழுந்து கதறினாள்.

மருமகன் படியிறங்கி ஓடி வந்தான். "கால் தவறிட்டாருங்க! கையை நீட்டினேன்... எட்டலையே!"

மாரில் வேறு அடித்துக்கொண்டான். அடேயப்பா, என்ன நடிப்பு!

அவன் பின்னாலேயே இறங்கி வந்த வழிகாட்டிக்கு முகம் வெளிறியிருந்தது. "போலீசுக்குப் போன் பண்ணிட்டு வரேன்" என்று பழைய காவலர் அறைக்குள் போனார்.

மருமகன் பூனை மாதிரி தொடர்ந்தான். உள்ளே நுழைந்து தாழ் போட்டான்.

"மேலே என்ன பாத்தே?"

"ஒண்ணும் பாக்கலை சார்..."

"புளுகாதே!" சுவரில் மாட்டியிருந்த பழங்காலக் குத்துவாளை உருவினான். "நான் தள்ளினதைப் பாத்தே!"

"ஏன் சார்... பெத்த அப்பா மாதிரி இல்லையா அவரு?"

"அவர் பொண்ணை நான் அடிக்கிறது தெரிஞ்சுபோச்சுய்யா! ஊர் திரும்பினதும் அவளைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னார். விடுவேனா?"

"எனக்குக் குழந்தைங்க இருக்கு சார்... வாயே திறக்க மாட்டேன்!"

"திறக்க விட்டாத்தானே!"

சதக்! தோளில் ஒன்று.

சதக்! விலாவில் இன்னொன்று.

வழிகாட்டி சுவரோடு சரிந்தார்.

வாளை எறிந்தான். கையைத் துடைத்தான். சோகத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.

வாசலில்... மொத்தக் கூட்டமும்!

"எ... என்ன, எல்லாரும் இங்கே வந்துட்டீங்க?"

எல்லாருக்கும் முன்னால் அவன் மனைவி. கையில் அப்பாவின் கைத்தடி. "கொலைகாரா!" என்றாள்.

அவள் கழுத்தை நெரிக்கப் பாய்ந்தான்.

மடேர்! மணிக்கட்டு முறிந்தது.

"இது எங்கப்பாவுக்கு!"

மடேர்! முழங்கால்.

"இது எனக்குடா!"

கூட்டம் அவன்மேல் விழுந்து அமுக்கியது. ஒரு டாக்டரம்மா அறைக்குள் ஓடினார். "உயிர் இருக்கு! பிழைச்சுக்குவார்!"

"எப்படிடீ... எப்படித் தெரிஞ்சுது?" என்று முனகினான் அவன்.

அவள் தன் காதிலிருந்த குட்டி ஸ்பீக்கரைப் பிடுங்கி அவன் காதில் திணித்தாள். வழிகாட்டியின் பேச்சைக் கேட்க எல்லார் காதிலும் ஒன்று உண்டு. இவன் மட்டும் காது அரிக்கிறதென்று கழற்றிப் பையில் போட்டிருந்தான். வழிகாட்டியின் காலரில் இருந்த மைக்கோ... அணையவேயில்லை!

ஈனஸ்வரத்தில் குரல் வந்தது.

"பயணிகள் கவனத்துக்கு... நாளைக்கு எல்லாரும் ஊருக்குக் கிளம்பறோம். மாப்பிள்ளை சார் மட்டும் இங்கேயே தங்கறார்... சாப்பாடு, ரூம் எல்லாம் அரசாங்கச் செலவு!"