மடையில் உட்கார்ந்த வேலுத்தாய்

ஊர் வழக்கத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. அதன்படி நடப்பவர்கள் ஒரு வகை. அடுத்தவரை மட்டும் அதன்படி நடக்கச் சொல்பவர்கள் இன்னொரு வகை. காசிராஜன் மாமாவுக்கு ஊர் வழக்கம் அத்தனையும் மனப்பாடம். அவர் எந்த வகை என்று போகப் போகத் தெரியும்.

சுந்தரபாண்டியத்துப் பக்கம் கண்மாய்த் தண்ணீரில் விளையும் வயல்கள் அவை. ஒவ்வொருவருக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர். முறை வந்ததும், தன் வயலின் வாமடை அருகே வரப்பில் மண்வெட்டியைக் கொத்தி நிறுத்த வேண்டும். வாமடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழைகிற திறப்பு. மண்வெட்டி நின்றால் முறையும் நிற்கும். உரியவர் சொல்லாமல் அதை யாரும் தொடமாட்டார்கள். பிடுங்கினால் முறை போச்சு.

அன்று காலை அங்கே நின்றது தனுஷ்கோடியின் மண்வெட்டி. தனுஷ்கோடிதான் அங்கே இல்லை. கருவேல முள் ஏறி, கால் பூசணிக்காயாக வீங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அம்மாவும் துணைக்குப் போய்விட்டாள். மண்வெட்டியைச் சுமந்து வந்தது மகள் வேலுத்தாய். ஆறாம் வகுப்பு. வீட்டில் ஆள் இல்லாததால் ஆட்டுக் கிடாவையும் கூட்டி வந்து பூவரச மரத்தில் கட்டியிருந்தாள்.

அவர்கள் வயலில் நெல் பால் பிடிக்கிற நேரம். இந்த முறைத் தண்ணீர் தப்பினால் கதிரெல்லாம் பதராகிவிடும்.

ஆனால் தண்ணீர் வரவில்லை. மேல் வயல் காசிராஜன் மாமாவுடையது. அவர் முறை முடிந்துவிட்டது. வயல் தளும்பியது. வாமடையை மட்டும் அவர் அடைக்கவில்லை. வாய்க்கால் மொத்தமும் அவர் வயலுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

மாமா குடை பிடித்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிரான்சிஸ்டர். "விவசாயப் பெருமக்களே, நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்" என்றது அது. மாமா தலையை ஆட்டி ஆமோதித்தார்.

"மாமா, எங்க முறை வந்துருச்சு. உங்க வாமடையை அடைக்கப் போறேன்" என்றாள் வேலுத்தாய்.

"ஏட்டி, நில்லு! பொம்பளைப் பிள்ளை மடையைத் தொட்டா கண்மாய் வத்திரும். ஊர் வழக்கம்."

"உங்க வயல்ல நாத்து நட்டது யாரு மாமா? எங்கம்மாவும் மாரியாத்தா அத்தையும்தானே? அப்ப வத்தலையே?"

"அது நடவு. இது மடை."

"களை எடுத்தது?"

"அது களை."

"அப்ப பொம்பளை குனிஞ்சு செய்யிற வேலைன்னா வத்தாது. நிமிந்து செஞ்சா வத்திரும். அப்படித்தானே?"

அடுத்த வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த மாரியாத்தாள் கொல்லென்று சிரித்தாள். மாமாவுக்குக் காது சிவந்தது.

"வாயாடாத! ஆம்பளை ஒருத்தன் வந்து நிக்கட்டும், மறுநிமிஷம் தண்ணி விடுதேன்."

வேலுத்தாய் வாய்க்கால் நெடுகப் பார்த்தாள். கண்மாயில் தண்ணீர் திறந்து பங்கு பார்க்கிற நீர்பாய்ச்சி மாரிசாமியைக் காணோம். அவர் வரும்வரை காத்திருந்தால் முறை முடிந்துவிடும்.

அவள் விறுவிறுவென்று பூவரச மரத்துக்குப் போனாள். கிடாவை அவிழ்த்துக் கொண்டுவந்து மாமா முன்னால் நிறுத்தினாள்.

"என்னட்டி இது?"

"கிடா. ஆம்பளைதான் மாமா. வந்து நிக்கான், பாருங்க."

கிடா மாமாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அவர் நெல்லில் ஒரு வாய் கடித்தது.

"என்னைக் கேலியா பண்ணுத? இழுத்துட்டுப் போ அதை! மடையில கை வெச்சே, பாரு!"

"கை வெக்கலை மாமா" என்றாள் வேலுத்தாய்.

கயிற்றை விட்டாள். பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நேராகப் போய் மாமாவின் வாமடைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வாமடை அவள் அகலம்தான். தண்ணீர் முதுகில் வந்து முட்டியது. திகைத்தது. பிறகு திரும்பி, வாய்க்கால் வழியே அவள் வயலைப் பார்த்து ஓடத் தொடங்கியது.

"எந்திரி!"

"மாட்டேன்."

"எந்திரிங்கேன்!"

"உக்காரக்கூடாதுன்னு வழக்கம் இருக்கா மாமா?"

மாமா யோசித்தார். அப்படி ஒரு வழக்கம் இல்லை. மடையில் போய் எவளாவது உட்காருவாள் என்று முன்னோர் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"ஏட்டி வேலுத்தாயி, குளுருதா?" என்று கத்தினாள் மாரியாத்தாள்.

"இல்லத்தே! மீன்தான் கிச்சுகிச்சு மூட்டுது!"

உண்மையில் குளிர்ந்தது. பல் கிட்டியது. ஆனால் அதை மாமாவுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். தாழ உட்கார்ந்திருந்ததால் அவள் கண்ணுக்கு மட்டும் அது பட்டது. மாமா வயலின் ஓடைப்பக்க வரப்பில் ஒரு நண்டு வளை. அளவுக்கு மீறி நின்ற தண்ணீர் அதற்குள் புகுந்து, மறுபக்கம் குபுகுபுவென்று வெளியேறியது. மண் கரைந்து சரிந்துகொண்டிருந்தது.

"மாமா! ஓடை வரப்பு உடையப் போகுது!"

"என்னை அங்க அனுப்பிட்டு மடையை அடைக்கலாம்னு பாக்கியா? இந்தக் காசிராஜன்கிட்டயா?"

"நான் எதுக்கு மாமா அடைக்க? அதான் உக்காந்துல்ல இருக்கேன்!"

தொபுக்கென்று ஒரு சத்தம். மாமா திரும்பினார். வரப்பில் ஒரு பானை அளவு ஓட்டை. வயல் தண்ணீர் ஓடைக்குப் பாய்ந்தது. காலையில்தான் அவர் உரம் போட்டிருந்தார். அதுவும் தண்ணீரோடு சேர்ந்து ஊர்வலம் கிளம்பியது.

"ஐயையோ, என் உரம்!"

"அப்ப நான் எந்திரிக்கட்டுமா மாமா?" என்று வேலுத்தாய் லேசாக எழுந்தாள். வாய்க்கால் தண்ணீர் சளக்கென்று உள்ளே பாய்ந்தது.

"எந்திரிக்காத! உக்காருட்டி! உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன், உக்காரு தாயி!"

வேலுத்தாய் உட்கார்ந்தாள்.

மாமா வெறுங்கையோடு ஓடி, வெறுங்கையோடு திரும்பினார். தன் முறை முடிந்ததும் மண்வெட்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார். அக்கம்பக்கத்தில் நின்றது ஒரே மண்வெட்டி. அதை உரியவர் சொல்லாமல் தொடக்கூடாது. ஊர் வழக்கம்.

"தாயி..." என்றார் மாமா. குரல் நூலாக வந்தது. "மம்பட்டி..."

வேலுத்தாய் ஓடைப் பக்கம் பார்த்தாள். அந்த வயலில் ஒவ்வொரு நாற்றும் அவள் அம்மாவும் மாரியாத்தாளும் குனிந்து நட்டது.

"எடுத்துக்கோங்க. ஆனா எங்க முறை நிக்கணும்."

மாமா சற்றும் யோசிக்கவில்லை. தன் குடையை மடக்கி, மண்வெட்டிக்குப் பதிலாக வரப்பில் குத்தி நிறுத்தினார். மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். மாரியாத்தாளும் களைக் கட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். களையைத் திணித்து, மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து, ஒருவழியாக உடைப்பை அடைத்தார்கள்.

தலை முதல் கால் வரை சேறாகத் திரும்பிய மாமா, வாமடை அருகே வந்து மண்வெட்டியை ஓங்கினார்.

"எந்திரி தாயி, நான் அடைச்சிருதேன்."

"குடுங்க" என்று கையை நீட்டினாள் வேலுத்தாய். "எங்க முறை. நான்தான் அடைப்பேன்."

மாமா மாரியாத்தாளைப் பார்த்தார். மண்வெட்டி கை மாறியது.

வேலுத்தாய் மண்ணை வெட்டி வெட்டி வைத்து, காலால் மிதித்து, மாமாவின் வாமடையை அடைத்தாள். கண்மாய் வற்றவில்லை. பக்கத்துத் தவளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கிடா மட்டும் மறுபடி நெல்லில் வாய் வைக்கப் போக, மாமா ஓடிப் போய் அதன் கயிற்றைப் பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து மாரிசாமி வந்து சேர்ந்தார். மண்வெட்டியோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்தார். வரப்பில் நிற்கிற குடையைப் பார்த்தார். கடைசியாக, கிடாவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நிற்கிற காசிராஜனைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மேய்க்கக் கிளம்பிட்டியளா?"

"இல்லலே" என்றார் மாமா, சேற்றைத் துடைத்தபடி. "ஆம்பளை ஒருத்தன் வந்து நிக்கட்டும்னு சொல்லித் தொலைச்சேன். வந்துட்டான். பிடிச்சுட்டு நிக்கேன்."

வேலுத்தாய் அதைக் கேட்க அங்கே இல்லை. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரோடு போட்டி போட்டுக்கொண்டு, தன் வயலின் கடைசி மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.